நியூயார்க் வடக்கே இருக்கிறது

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நிற்பவர்களிடம் நியூயார்க் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் கிழக்கே கை காட்டுவார்கள். மீதிப் பேர் மேற்கே. இரண்டும் சரியில்லை. குறுக்குவழியில் போக வேண்டுமானால் விமானத்தின் மூக்கு வடக்கே பார்க்க வேண்டும். துல்லியமாகச் சொன்னால், நேர் வடக்கிலிருந்து இரண்டரை பாகை மேற்கே. இதைவிட விநோதம், நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் திரும்பவும் ஏறத்தாழ வடக்கேதான் கிளம்ப வேண்டும். போகவும் வடக்கு, வரவும் வடக்கு.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் இந்த இரு நிலையங்களுக்கு இடையே சேவையைத் தொடங்கியபோது, உலகிலேயே மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவை அதுதான். ‘தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர்’ என்று செய்திகளில் வந்தது. அந்த எண்ணைக் கொண்டே இந்த அத்தியாயத்தை நடத்தப் போகிறேன். அது எப்படிக் கிடைத்தது, யார் அளந்தது, அந்தத் தூரத்தை உண்மையில் எந்த விமானமாவது பறக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

முதலில் சுவரில் மாட்டிய உலக வரைபடத்தை மறந்துவிடலாம். நம் பள்ளிகளில் தொங்கியவற்றில் பல, மெர்கேட்டர் 1569-இல் வெளியிட்ட வரைபடத்தின் வாரிசுகள். திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகும் மாலுமிக்காக வரையப்பட்ட படம் அது. அவர் போகும் பாதை அதில் நேர்கோடாக விழும். அதுவே அதன் அருமை. அதற்குக் கொடுத்த விலை, துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பூதாகரமாக விரிவது. வட துருவம் அந்தப் படத்தில் கிடையவே கிடையாது. எவ்வளவு உயரமான காகிதம் எடுத்தாலும் அதை வரைய முடியாது. துருவத்தை ஒட்டிப் போகும் ஒரு பாதையை அதில் தேடுவது வீண் வேலை.

பொம்மை உலக உருண்டை ஒன்றும் ஒரு முழ நூலும் போதும். நூலின் ஒரு நுனியைச் சிங்கப்பூரிலும் மறு நுனியை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். பசிபிக் பக்கம் சரிந்தால் தொய்கிறது, இந்தியப் பெருங்கடல் பக்கம் சரிந்தாலும் தொய்கிறது. ஆர்க்டிக்கின் மேல் வரும்போதுதான் முறுக்காக நிற்கிறது. அந்த நூல் கிடக்கும் கோட்டைச் சுற்றி நீட்டினால் உருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும் வட்டம் கிடைக்கும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர். கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு நடுவே இதைவிடக் குறுகிய வழி இல்லை. நூலை ஒட்டி விரலை நகர்த்தினால் தாய்லாந்து வளைகுடா, கம்போடியா, லாவோஸ், சீனாவின் சிச்சுவான், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்துக்கு 280 கிலோமீட்டர் அருகே போய், மறுபக்கம் பாஃபின் தீவு, கியூபெக், மான்ட்ரியல் என்று இறங்கி நியூயார்க்கைத் தொடும். விமான மேகஸினில் வளைவாகத் தெரியும் கோடு உண்மையில் நேராகப் போகிறது, வளைந்திருப்பது காகிதம்.

இந்த ஜோடி ஊர்களில் ஒரு வசதி இருக்கிறது: தூரத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 103.99. கென்னடி நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78. (ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறிப்புப் புள்ளி’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் ஆயத்தொலைவுகளைப் பதிந்து வைத்திருப்பார்கள். நீங்கள் ஏறும் கதவு அதிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம்.) தீர்க்கரேகைகளைக் கூட்டினால் 177.77 பாகை. 180-க்கு இரண்டே சொச்சம் பாகைதான் குறைவு. அதாவது இரு ஊர்களும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. சரியாக 180 என்றே வைத்துக்கொண்டால் பாதை துருவத்தின் உச்சந்தலை வழியாகவே போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90-இல் 1.36 போக 88.64 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 90-இல் 40.64 போக 49.36. இரண்டும் சேர்ந்து 138. பூமியின் மேல் ஒரு பாகை என்பது சராசரியாக 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346.

செய்தியில் சொன்ன எண்ணுக்கு நாலு கிலோமீட்டர் பக்கத்தில் வந்துவிட்டோம். ஆனால் இந்தத் தந்திரம் எல்லா ஊருக்கும் பலிக்காது. டெல்லிக்கும் சிட்னிக்கும் இடையே துருவமா இருக்கிறது?

பொதுவான வழி கோள முக்கோணவியல். வட துருவம் ஒரு மூலை, இரு ஊர்கள் மற்ற இரு மூலைகள் என்று ஒரு முக்கோணத்தைக் கற்பனை செய்கிறோம். அதன் இரு பக்கங்களும், துருவத்தில் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரியும். மூன்றாவது பக்கம்தான் வேண்டும். செய்முறை இது: இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். இரண்டு விடைகளையும் கூட்டினால், பூமியின் மையத்தில் அந்த இரு ஊர்களும் தாங்கும் கோணத்தின் கொசைன் கிடைக்கும். நம் கணக்கில் முதல் பெருக்கல் 0.01546, இரண்டாவது −0.75803, கூட்டினால் −0.74257. அதற்குரிய கோணம் 137.95 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று எடுத்தால் தூரம் 15,340.

விமானிகளும் மாலுமிகளும் ஏன் இன்னும் கடல் மைலைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை தூரம்தான் ஒரு கடல் மைல். கோணம் தெரிந்தவுடன் 60-ஆல் பெருக்கினால் தூரம் வந்துவிடும்: 137.95-ஐ 60-ஆல் பெருக்க 8,277 கடல் மைல். பூமியின் ஆரம்கூடத் தெரிய வேண்டியதில்லை. 1929-இல் அதை 1,852 மீட்டர் என்று சர்வதேச அளவில் நிலைநிறுத்தினார்கள்.

இந்தக் கணக்குக்கு வயது அதிகம். கஜினி முகமதின் அரசவையில் இருந்த அல்-பிரூனி, 1025 வாக்கில், கஜினியிலிருந்து மெக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முனைந்தார். தொழுகைக்கான திசை அது, ஊகத்துக்கு இடமில்லை. அட்சரேகையைச் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து அளந்துவிடலாம். தீர்க்கரேகையை அப்படி அளக்கச் சுலபமான வழி அன்று இல்லை. எனவே அவர் நம் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். பாக்தாத் தொடங்கி கஜினி வரை வணிகக் கூட்டங்கள் நடந்த வழியில் ஊருக்கு ஊர் தூரம் என்ன என்று சேகரித்து, அந்தத் தூரத்திலிருந்து தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கறந்தார். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒட்டகம் நடந்த தூரத்தை அவர் அப்படியே நம்பவில்லை. பாதை வளைந்து நெளிந்து போகும் என்பதற்காக ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் சூத்திரத்தில் போட்டார். நடந்த தூரம் வேறு, வடிவியல் தூரம் வேறு என்ற அந்தப் பேதம் இன்னும் தீரவில்லை. விரைவில் அதற்கு வருவோம்.

அதற்கு முன், 15,340-க்கும் செய்தியில் வந்த எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பூமி உருண்டை என்று சொன்னோம். அது முழு உண்மை அல்ல. சுழல்வதால் நடுவில் சற்றுப் பிதுங்கி, துருவங்களில் சப்பையாக இருக்கிறது. நடுக்கோட்டில் ஆரம் 6,378.137 கிலோமீட்டர், துருவத்தில் 6,356.752. வித்தியாசம் 21 கிலோமீட்டர் சொச்சம். இதனால் ஒரு பாகை அட்சரேகையின் நீளம்கூட இடத்துக்கு இடம் மாறுகிறது: நடுக்கோட்டருகே 110.57 கிலோமீட்டர், துருவத்தருகே 111.69. சப்பையான இடத்தில் தரையின் வளைவு குறைவு. ஒரு பாகை திரும்ப அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது.

இதை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, நிலத்தை அளந்தே ஆக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1730-களில் ஒரு குழுவை இன்றைய எக்வடாருக்கும் இன்னொன்றை லாப்லாந்தின் பனிக்கும் அனுப்பி அளந்தார்கள். பிறகு நம் ஊர் வருகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். அதை முடிக்கவே 57 நாள் ஆயிற்று. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணங்களாகக் கிளம்பிய அளவைதான் தென்முனையிலிருந்து இமயமலை வரை போனது. வரைபடம் வரைவது மட்டும் லாம்டனின் நோக்கம் அல்ல. பூமியின் வளைவை அறிவதே அவருடைய ஆசை. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவுகளிலிருந்து 1830-இல் கணக்கிட்ட பூமியின் வடிவம், ‘எவரெஸ்ட் நீள்கோளம்’ என்ற பெயரில் இந்திய வரைபடங்களுக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது. இன்று சென்னை விமான நிலையம் அதே பரங்கிமலையின் பக்கத்தில்தான் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்குபவர்கள் தூரம் அளக்கும் கலையின் ஒரு புண்ணியத் தலத்தைக் கண்டும் காணாமல் கடந்து போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒவ்வொரு நாடும் தனக்குப் பொருந்திய ஒரு நீள்கோளத்தை வைத்திருந்தால், ஒரே ஓடுதளத்துக்கு இரண்டு விலாசம் வந்துவிடும். செயற்கைக்கோள் வழிகாட்டுதல் வந்தபின் அது ஆபத்து. அதனால் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1998 ஜனவரி 1 முதல் எல்லா நாடுகளும் டபிள்யூ.ஜி.எஸ்-84 என்ற ஒரே நீள்கோளத்தில் ஆயத்தொலைவுகளைத் தர வேண்டும் என்று ஆக்கியது. அந்த நீள்கோளத்தின் மேல் தூரம் காணச் சூத்திரத்தில் எண்களைப் போட்டவுடன் விடை வராது. திரும்பத் திரும்பக் கணக்கிட்டு நெருங்க வேண்டும். 1975-இல் தடேயஸ் வின்சென்டி வகுத்த முறை உலகெங்கும் புழங்குகிறது. பூமியின் நேரெதிர்ப் புள்ளிகளுக்கு மிக அருகே உள்ள ஜோடிகளில் மட்டும் அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013-இல் சார்ல்ஸ் கார்னி வெளியிட்ட முறை அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. நம் ஜோடிக்கு நீள்கோளத்தின் விடை 15,348. கோளத்தின் விடையைவிட 8 கிலோமீட்டர் அதிகம். துருவத்தருகே பாகைகள் நீளமானவை என்று பார்த்தோமே, பாதை அங்கே போவதால் வந்த கூடுதல் இது.

மூன்று நூற்றாண்டு உழைப்பில் கிடைத்தது 8 கிலோமீட்டர் திருத்தம்! அதோடு, இந்த எண்ணெல்லாம் தரையோடு தரையாக ஊர்ந்து போனால் மட்டுமே. விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கே வட்டம் கொஞ்சம் பெரிது. 6,371-க்குப் பதில் 6,382 என்று போட்டால் தூரம் 26 கிலோமீட்டர் கூடுகிறது. நீள்கோளம் தந்த திருத்தத்தைவிட மூன்று மடங்கு பெரிய இந்த எண்ணை இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்கள் பொதுவாகக் கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொள்ளாததும் நியாயமே, ஏனென்றால் அடுத்து வரப்போவது இவை இரண்டையும் விழுங்கிவிடும்.

இதுபோன்ற மிக நீண்ட சேவைகளுக்காகவே ஏர்பஸ் செய்த ஏ350-900 யூ.எல்.ஆர். விமானத்தைப் பாருங்கள். சாதாரண ஏ350-900-இல் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இதில் 1,65,000 லிட்டர். பயணிகள் 161 பேர்தான், சிக்கன வகுப்பே கிடையாது. அது எட்டக்கூடிய தூரம் 18,000 கிலோமீட்டர் என்று நிறுவனம் சொல்கிறது. போக வேண்டியதோ 15,348. மீதி 2,650 கிலோமீட்டர் எதற்கு? சென்னையிலிருந்து டெல்லி போய், பாதி வழி திரும்பி வரும் தூரம் அது.

காற்றுக்குத்தான். விமானம் தரையின் மேல் போவதில்லை, காற்றுக்குள் போகிறது. அந்தக் காற்றே ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே, சில வேளை மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் பாயும் ஜெட் காற்றோட்டங்கள் உண்டு. ஆகவே விமான நிறுவனத்தில் பாதை வகுப்பவர் இரண்டு தூரங்களை வைத்துக்கொண்டு யோசிக்கிறார். ஒன்று தரைத் தூரம். மற்றது காற்றுத் தூரம், அதாவது விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போன தூரம். எரிபொருள் செலவாவது இரண்டாவதற்குத்தான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். காற்றே இல்லாத நாளில், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில், துருவ வழியாக 15,348 கிலோமீட்டர் போக 17 மணி 3 நிமிடம் ஆகும். அதற்குப் பதில் பசிபிக்கின் மேல் 16,500 கிலோமீட்டர் நீளமான ஒரு பாதை. ஆனால் பின்னாலிருந்து காற்று சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைப் பொறுத்து வேகம் 980. பயண நேரம் 16 மணி 50 நிமிடம். காற்றுத் தூரம் 15,153 கிலோமீட்டர்தான். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் சுற்றிப் போனவர் பதிமூன்று நிமிடம் முன்னால் வந்து சேர்கிறார், எரிபொருளும் மிச்சம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானங்கள் பெரும்பாலும் பசிபிக் வழியாகவே கிழக்கே போவதும், திரும்பும்போது பலமுறை அட்லாண்டிக்கைத் தாண்டி மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவதும் இதனால்தான். போய்த் திரும்பியவர் உலகத்தை ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறார். வடிவியல் சொன்ன வடக்கை அவர் பார்ப்பதே இல்லை.

ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சேவை இன்னும் பளிச்சென்ற சாட்சி. அந்த இரு நிலையங்களுக்கு இடையே பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். 2016 வரை விமானம் அட்லாண்டிக் பக்கமாக, எதிர்க்காற்றில், சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பாதையைப் பசிபிக்குக்கு மாற்றினார்கள். தூரம் சுமார் 15,300 ஆனது. பயண நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. மூன்று தூரங்களில் மிக நீளமானதுதான் லாபமானது.

காற்று மட்டுமா? திபெத் பீடபூமியின் மேல் விமானத்தின் உள்ளழுத்தம் போய்விட்டால், மூச்சு விடத் தோதான உயரத்துக்கு இறங்க வழியில்லை. கீழே நிலமே அதைவிட உயரம். துருவத்தருகே எரிபொருள் உறையும் கவலை இருக்கிறது: ஜெட் ஏ-1 வகைக்கு −47 பாகை செல்சியஸ், அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-வுக்கு −40. தொட்டியின் வெப்பநிலை அந்த எல்லையை நெருங்கினால் விமானி இறங்கியோ வேகம் கூட்டியோ சூடேற்ற வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முரட்டுத்தனமானது அரசியல். ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் பெருவட்டத் தூரம் சுமார் 7,830 கிலோமீட்டர். பெரும்பகுதி ரஷ்யாவின் மேல். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பது மணி நேரமாக இருந்த பயணம் சுமார் பதிமூன்று மணி நேரமாகி, ஃபின்ஏர் விமானங்கள் வட துருவத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பூமியின் மேல் ஊர்கள் ஓரங்குலம் நகரவில்லை.

அப்படியானால் யாரும் பறக்காத பெருவட்டத் தூரத்தை எதற்கு மில்லிமீட்டர் வரை கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்? வழக்கு மன்றத்திலும் கணக்குப் புத்தகத்திலும் அது ஒன்றுதான் செல்லுபடியாகும் என்பதால்தான். பறந்த பாதை நேற்று ஒன்று, இன்று ஒன்று. ஆயத்தொலைவுகள் மாறுவதில்லை, யார் கணக்கிட்டாலும் ஒரே விடை. ஒரு பயணத்தின் கரியமில வாயுவைக் கணிக்கும்போது சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பெருவட்டத் தூரத்தை எடுத்துக்கொண்டு, 5,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமானால் சுற்றுவழிக்காக 125 கிலோமீட்டர் கூட்டிக்கொள்கிறது. அல்-பிரூனி ஒட்டகப் பாதையிலிருந்து கழித்ததை இவர்கள் விமானப் பாதைக்காகக் கூட்டுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் கொண்டுவந்த விதியிலோ ‘பெருவட்ட முறை’ என்ற சொல்லே இருக்கிறது. விமானம் ரத்தானால் அல்லது மிகத் தாமதமானால் பயணிக்குத் தர வேண்டிய இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, நெடுந்தூரத்துக்கு 600. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போய், விமானம் மாறி, ஹாம்பர்க் போன பயணிகள் சிலர் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு கட்டங்களையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர், ஆகவே 400 யூரோ வேண்டும் என்றார்கள். ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேராக அளந்தால் 1,326 தான் என்றது எதிர்த்தரப்பு. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தது: புறப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் இடையிலான பெருவட்டத் தூரமே கணக்கு, நடுவில் எங்கே இறங்கி ஏறினாலும் அது சேராது. தலைக்கு 250 யூரோ.